தனிமைக்கு மதிப்பெண் போட்டவர்

அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத ஓர் இனம் மனிதருக்குள் உண்டு. உங்களுக்கும் அவர்களைத் தெரிந்திருக்கும். பிறந்த குழந்தையைக் கையில் கொடுத்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் எடை எவ்வளவு என்று கேட்பார்கள். கடற்கரைக்குப் போனால் அலையைப் பார்க்காமல் நடந்த அடிகளைப் பார்ப்பார்கள். காலையில் எழுந்ததும் நன்றாகத் தூங்கினோமா என்று தங்கள் உடம்பிடம் கேட்காமல் மணிக்கட்டில் கட்டிய கருவியிடம் கேட்பார்கள், அது ‘இல்லை’ என்று சொன்னால் அந்த நிமிடமே கொட்டாவி விடுவார்கள். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து, “நல்ல கூட்டம், இருநூற்று நாற்பது பேர்” என்பார்கள். செத்தவர் யார்? அது அவ்வளவாக நினைவில்லை.

இந்த இனத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தவர் எவாரிஸ்தோ பெந்தான்கோர். வயது ஐம்பத்தொன்று. தலைநகரமான மொண்டெவிடியோவில் ஓர் அரசு அலுவலகத்தில் அளவீட்டுப் பிரிவுத் தலைவர். அலுவலகத்தின் முழுப்பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பக்கம் முடிந்துவிடும் என்பதால் விட்டுவிடுவோம். நாட்டு மக்கள் எவ்வளவு தனிமையாக இருக்கிறார்கள், தங்கள் ஊரோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அதற்கு அவரே ஒரு தாள் தயாரித்திருந்தார். இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்: ‘ஒருபோதும் இல்லை’ என்றால் பூஜ்யம், ‘அரிதாக’ என்றால் ஒன்று, ‘சில சமயம்’ என்றால் இரண்டு, ‘எப்போதும்’ என்றால் மூன்று. கூட்டினால் அறுபதுக்கு இத்தனை என்று ஒரு மனிதனின் தனிமை கையில் கிடைத்துவிடும். காய்ச்சல் பார்ப்பதைவிடச் சுலபம். வாயைத் திறக்கச் சொல்லக்கூட வேண்டாம், திறந்தால்தான் தொந்தரவு.

அவர் வீட்டையும் இப்படித்தான் நடத்தினார். மனைவி மிர்த்தாவுக்கு மாதக் கடைசியில் ஓர் ‘இல்லறத் திருப்திப் படிவம்’ கொடுப்பார். அந்த அம்மாள் பதினோரு வருடம் விடாமல் ஐந்துக்கு நான்கு போட்டாள். ஒரு மார்ச் மாதம் நான்கு போட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எவாரிஸ்தோவுக்கு இன்றுவரை புரியாத விஷயம் அது ஒன்றுதான். இரண்டு போட்டுவிட்டுப் போயிருந்தால் நியாயம். நான்கு போட்டுவிட்டு யாராவது போவார்களா?

அப்படிப்பட்டவர், பாசோ தெல் சாஸே என்ற சிற்றூருக்கு, ஒரு செப்டம்பர் மாதத்தில், அறுபது வெற்றுத் தாள்களோடு வந்து இறங்கினார். குலுக்கலில் எடுத்த அறுபது பெயர்கள் பையில் இருந்தன. விதி ஒன்றே ஒன்று: கேள்வி கேட்கும்போது பதில் சொல்பவர் தனியாக இருக்க வேண்டும்.

முதல் பெயர் நேலிதா தெச்செரா. ஊரின் ஒரே ரொட்டிக்கடை அவளுடையது. கடையின் பின்னறையில் அவளை உட்காரவைத்துப் பேனாவைத் திறந்தார். அறையில் இன்னொரு நாற்காலியில் மாத்தே என்ற கசப்பு இலைப் பானம் உறிஞ்சும் குடுவையும் வெந்நீர்க் குப்பியுமாக அவள் தோழி இர்மா உட்கார்ந்திருந்தாள். நேற்றைக்கும் முந்தாநேற்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள் என்று நாற்காலியே சாட்சி சொன்னது.

“மனசு விட்டுப் பேச ஆளில்லைன்னு உங்களுக்குத் தோணுறது உண்டா? ஒருபோதும் இல்லை, அரிதாக, சில சமயம், எப்போதும். இதுல எது?”

நேலிதா திரும்பினாள். “இர்மா, எனக்கு அப்படித் தோணுமா?”

“உனக்கா? நீ வாயத் திறந்தா எனக்குத்தான் ஆளில்லாத ஊருக்குப் போயிடலாம்னு தோணும்.”

“அம்மா, நீங்க பதில் சொல்லக் கூடாது,” என்றார் எவாரிஸ்தோ. “நீங்க இங்க இருக்கவே கூடாது.”

“ஏன், நான் என்ன தப்புப் பண்ணேன்?”

“நீங்க இருந்தா அவங்க தனியா இல்ல.”

“அட, அதுக்குத்தானய்யா நான் வந்ததே!”

இர்மாவை ஒருவழியாக வெளியே அனுப்பினார். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, நேலிதா பதில் சொன்ன ஒவ்வொரு முறையும், “பொய்!” என்றாள். ‘உங்களுக்கு நெருக்கமானவர்கள் எத்தனை பேர்?’ என்ற கேள்விக்கு நேலிதா, “செத்தவங்களும் சேத்தியா?” என்று கேட்டாள். தாளில் அதற்கு வழிகாட்டல் இல்லை. தலைநகரத்துக்குத் தொலைபேசி போட்டுக் கேட்க, அங்கே அதற்கென்று ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்றார்கள்.

மூன்று நாளில் எட்டுத் தாள்தான் முடிந்தது. ஒருவர் கழிவறையில் இருந்தபோது கதவுக்கு வெளியே நின்று கேட்டதையும் சேர்த்துத்தான் எட்டு. சராசரி ஆறு மதிப்பெண்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மில்தோன் ஒலிவேரா அவரைத் தேடி வந்தார். ஊர்ச் சங்கத்தின் தலைவர், பருத்த உடம்பு, மெதுவாகப் பேசத் தெரியாதவர். இந்த ஊரில் பிறந்தநாள், நடனம், எண் விளையாட்டு, தடுப்பூசி, துக்கம் எல்லாமே சங்கக் கட்டடத்தில்தான். ஆகஸ்டுக் கடைசிப் புயல் அதன் கூரையைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு செம்மறிக் கிடையில் போட்டுவிட்டது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றுக்கு இப்போது நல்ல கூரை இருந்தது, ஊருக்கு இல்லை.

“கேள்விக்காரரே, இந்த மார்க்கு எல்லாத்தையும் கூட்டி என்ன பண்ணுவீங்க?”

“சராசரி முப்பதுக்கு மேல போனா, அந்த ஊருக்கு, ஜனங்க கூடிப் பழக, துணை மையம் ஒண்ணு அனுமதிப்பாங்க. புதுக் கட்டடம், இல்ல பழைய கட்டடத்தைப் பழுது பாக்கப் பணம்.”

“கூரையோடவா?”

“கூரை இல்லாம எப்படிங்க கட்டடம்?”

“எங்களுக்கு இப்ப எவ்வளவு?”

“ஆறு.”

மில்தோன் முகம் கறுத்தது. மகனின் பரீட்சை முடிவைப் பார்த்த தகப்பனைப் போல, “ஆறா? அறுபதுக்கு ஆறுதானா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் ஞாயிறு. எவாரிஸ்தோ விடுதியில் தன் அடிகளை எண்ணிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிவந்த அதே நேரத்தில், கூரையில்லாத சங்கக் கட்டடத்தில், தார்ப்பாய்க்குக் கீழே, முந்நூறு பேர் தனிமை பழகினார்கள். ஆமாம், முந்நூறு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் பழகினார்கள். தெருத்தெருவாகப் பட்டியல் போட்டு, வீட்டுக்கு ஓர் ஆளாவது வரவேண்டும் என்று மில்தோன் ஆள் அனுப்பியிருந்தார். ஏற்கெனவே பதில் சொன்ன எட்டுப் பேரிடம் கேட்டு எழுதிய கேள்விகளை மேடையில் நின்று படித்தார், முந்நூறு தொண்டைகள், “எப்போதும்!” என்று முழங்கின.

“சத்தமாச் சொல்லாதீங்கப்பா! தனியா இருக்கறவன் இப்படியா கத்துவான்? சோகமாச் சொல்லுங்க. ஜன்னலைப் பாத்துக்கிட்டு.”

“எங்க வீட்ல ஜன்னல் பக்கம் கோழிக் கூண்டுதான் தெரியும்.”

“அப்ப கோழியைப் பாத்துச் சோகமாச் சொல்லு!”

இர்மா பெருமூச்சு விட்டுக் காட்டினாள். அவ்வளவு நன்றாக இருந்ததால் மேடைக்கு வரச்சொல்லி எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். நாய் வளர்ப்பவர்கள் நாயை மறைத்துவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. கடைசியில் ரொட்டியும் சுட்ட தொத்திறைச்சியும் பரிமாறினார்கள். இவ்வளவு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்கு நெடுநாளாக வாய்க்கவில்லை.

திங்கள்கிழமையிலிருந்து எவாரிஸ்தோவின் வாழ்க்கையே மாறிப்போனது. போன வீடெல்லாம் நிசப்தம். கதவைத் திறந்தவர்கள் தலைவாராமல் நின்றார்கள். ஐம்பத்தாறு. ஐம்பத்தெட்டு. அறுபது! கட்டிலுக்கடியில் எங்கேயோ நாய் வாலாட்டும் சத்தம் கேட்டது. நாய் பற்றிக் கேள்வி இல்லாததால் அவர் அதைக் குறிக்கவில்லை. ஒரு வீட்டில் மட்டும் சின்னச் சிக்கல். ‘உங்களை உண்மையாகப் புரிந்துகொண்டவர் யாருமில்லை என்று தோன்றுகிறதா?’ என்று கேட்டதும் வீட்டுக்காரர் ஒத்திகையைவிட ஒரு படி கூடுதலாக உருகி, “எப்போதும், ஐயா, முப்பத்திரண்டு வருஷமா எப்போதும்,” என்றார். சமையலறையில் ஒளிந்திருந்த அவர் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். எவாரிஸ்தோ படியிறங்கியபோது உள்ளே நிஜமான தனிமை ஒன்று ஆரம்பமாகிக்கொண்டிருந்தது.

சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். எதற்கு வரவேண்டும்? கேட்டார், சொன்னார்கள், எழுதினார். ஆறு எப்படி ஐம்பத்தெட்டு ஆனது? முதல் எட்டுப் பேரைக் கேட்டபோது வெயிலடித்தது, பிறகு மேகம் போட்டுவிட்டது. வானிலைக்கும் தனிமைக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம் என்று குறித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் ஐம்பத்தொன்பது தாள் முடிந்தது. கடைசிப் பெயர் அன்செல்மோ பிந்தோஸ். ஊருக்கு வெளியே, யூகலிப்டஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் பாதையின் கோடியில், பழைய ரயில் நிலையத்தில் இருந்தார். ரயில் நின்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்னாள் கொடிக்காரர் என்று அவரை அங்கேயே குடியிருக்க விட்டிருந்தார்கள். நடைமேடை பெருக்கி, தண்ணீர் தெளித்துச் சுத்தமாக இருந்தது.

அன்செல்மோ கதவைத் திறந்து, எவாரிஸ்தோவின் முகத்தையும் பையையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். புது இலை போட்டு மாத்தே தயாரித்தார்.

“வருத்தமா இருக்கும்போது யாரையும் கூப்பிட முடியலைன்னு தோணுறது உண்டா?”

“இன்னொரு தடவை படிங்க.”

படித்தார்.

“ஒருபோதும் இல்ல.”

“உங்க ஊரோட உங்களுக்கு ஒட்டுதல் இல்லைன்னு தோணுமா?”

“நல்லாக் கேக்கறீங்க. மெதுவாப் படிங்க. அவசரம் ஒண்ணும் இல்லயே உங்களுக்கு?” பிறகு, “ஒருபோதும் இல்ல,” என்றார்.

இருபதுக்கும் அதே விடை. மொத்தம் பூஜ்யம். எவாரிஸ்தோ தாளை மடித்தபோது கிழவர் விரலை உயர்த்தினார்.

“அவ்வளவுதானா? நான் ஏழாவது கேள்வியில தப்பாச் சொல்லியிருக்கலாம். முதல்லேர்ந்து கேளுங்களேன். எதுக்கும் சரியா இருக்கட்டும்.”

சரியாக இருக்கட்டும்! எவாரிஸ்தோவின் இருபத்தாறு வருட உத்தியோகத்தில் பதில் சொல்லும் ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. கண் கலங்காத குறை. மறுபடி கேட்டார். பூஜ்யம். கிழவர் கேட்டுக்கொண்டபடி மூன்றாம் தடவையும் கேட்டார். அப்போதும் பூஜ்யம். மூன்று முறை அளந்து மூன்று முறையும் ஒரே எண் கிடைத்த மனிதர்! இரண்டேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

அன்று பிற்பகல் மழை தொடங்கியது. சங்கத்தில் தார்ப்பாய் ஒழுகாத ஒரு மூலையில் மில்தோன், நேலிதா, இர்மா, இன்னும் முப்பது நாற்பது பேர் எண்ணெயில் பொரித்த ரொட்டி தின்றுகொண்டு, அவர் வருகைக்காகக் காத்திருந்தார்கள்.

“என்ன, முடிஞ்சுதா? எங்க மார்க்கு?”

“சராசரி ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல. நாட்டிலேயே அதிகத் தனிமையான ஊர் இதுதான்.”

கைதட்டல் தார்ப்பாயை உலுக்கி ஒரு வாளி தண்ணீரை மில்தோன் தலையில் கொட்டியது.

“ஆனா ஒரு விதிவிலக்கு,” என்றார் எவாரிஸ்தோ. “தனிமையே இல்லாத மனுஷர் ஒருத்தர் உங்க ஊர்ல இருக்கார். அன்செல்மோ பிந்தோஸ். சுத்தமான பூஜ்யம். மூணு தடவை கேட்டேன்.”

“எதுக்கு மூணு தடவை?” என்றாள் நேலிதா.

“அவர்தான் முதல்லேர்ந்து கேக்கச் சொன்னார். நாளைக்கும் வந்து சரிபாக்கலாம்னார். வாசல் வரைக்கும் வந்தார். அப்புறம் பாதை வரைக்கும் வந்தார்.”

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள் நேலிதா. தோழி பக்கம் திரும்பினாள்.

“இர்மா, நீதானே அவரைப் போய்ப் பாத்துக்கிட்டிருந்தே?”

“நானா? மில்தோன் போறார்னு இல்ல நெனச்சேன்!”

“நான் அவரோட அண்ணன் அடக்கத்துக்கு அப்புறம் போகல,” என்றார் மில்தோன். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். “அது போன குளிர்காலம்... இல்ல, அதுக்கும் முந்தின குளிர்காலம். சனிக்கிழமை ரொட்டி வாங்க வருவாரே, நேலிதா, உங்கிட்டப் பேசியிருப்பாரே?”

“‘எப்படி இருக்கீங்க’ம்பேன். ‘நல்லா இருக்கேன்’ம்பார். ரொட்டியைக் குடுப்பேன்.”

“ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு யாரு போய்ச் சொன்னீங்க?” என்று மில்தோன் எல்லோரையும் கேட்டார்.

பட்டியல் தெருத்தெருவாகப் போட்டது. ரயில் நிலையம் எந்தத் தெருவிலும் இல்லை. ஊரே ஒன்றுகூடித் தனிமை பழகிய அன்று, அதைப் பழகத் தேவையில்லாத ஒரே ஆளை அழைக்க மறந்திருந்தார்கள்.

நேலிதா எழுந்து ரொட்டித் தட்டின்மேல் துணியைப் போட்டு மூடினாள். இர்மா வெந்நீர்க் குப்பியைக் கக்கத்தில் இடுக்கினாள். ஒருவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்து மழையில் இறங்கி, சேற்றுப் பாதையில் யூகலிப்டஸ் மரங்களை நோக்கி நடந்தார்கள். பின்னால் எவாரிஸ்தோ தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

“நில்லுங்க! போகாதீங்க! அவரோட தாள் கெட்டுப்போயிடும்! அலுவலகம் ஏத்துக்கறவரைக்கும் அவரை யாரும் பாக்கக் கூடாது!”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“பதினாலு மாசம்தான்!”

அன்செல்மோ கதவைத் திறந்து, மழையில் சொட்டச் சொட்ட நின்ற நாற்பது பேரைப் பார்த்தார்.

“என்ன இது? எல்லாரும் கேள்வி கேக்க வந்தீங்களா?”

“உங்களைப் பாக்கத்தான் வந்தோம்,” என்றாள் நேலிதா.

“எனக்கு ஒண்ணும் இல்லயே. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“நல்லா இருந்தா நகருங்க. எங்களுக்கு நனையுது.”

நகர்ந்தார். பயணிகள் காத்திருக்கும் பெரிய அறை அது. நீள நீளமான மர பெஞ்சுகள். முப்பது வருடத் தூசி இருக்கவேண்டிய இடத்தில் மெழுகு வாசனை அடித்தது. ரொட்டித் தட்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போயிற்று. மாத்தே குடுவை கை மாறிச் சுற்றிவந்தது. இர்மா அரை மணி நேரத்தில் ஊரின் இரண்டு வருடச் செய்திகளையும் சொல்லி முடித்தாள். அண்ணனைப் பற்றி மில்தோன் ஏதோ கேட்டார். கிழவர் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை.

எவாரிஸ்தோ கதவோரம் நின்றிருந்தார். நாற்பத்திரண்டு பேர் என்று எண்ணினார். சரிபார்ப்பதற்காக மறுபடி எண்ணினார்.

“ஒன்பது நாளா எங்க ஊர்ல சுத்தறீங்க,” என்று நேலிதா அங்கிருந்தே கேட்டாள். “உங்க பேரு என்ன?”

“எவாரிஸ்தோ பெந்தான்கோர், அளவீட்டுப் பிரிவு, அடையாள எண் நாலு ஏழு ஒண்ணு...”

“நம்பர் வேணாம். எவாரிஸ்தோ, இங்க வந்து உக்காரு. இர்மா, தள்ளு.”

அவர் உட்கார்ந்தார். இரண்டு பெண்களுக்கு நடுவே, தோள் இடிக்க, குடுவை அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்குள் என்னவோ ஆயிற்று. இந்த உணர்ச்சியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று மனத்துக்குள் தேடிப் பார்த்தார். இருபது கேள்விகளிலும் அதற்குக் கட்டம் இல்லை. கடைசிப் பேருந்து போகும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை.

மறுநாள் எழுந்தார், பாருங்கள். எழுந்ததும் முதல் வேலையாக அன்செல்மோவை நான்காவது முறை அளந்தார். கிழவர் இந்தத் தடவை ஒவ்வொரு கேள்விக்கும் நிறைய நேரம் யோசித்தார். சிலவற்றுக்கு ‘சில சமயம்’ என்றார். ஒன்றுக்கு, ரொம்பத் தயங்கி, ‘எப்போதும்’ என்றார். மதிப்பெண் பதினொன்று.

அறிக்கை இப்படிப் போயிற்று: “பூஜ்யத்தில் இருந்த நபரை நாற்பத்திரண்டு பேர் சென்று பார்த்ததன் விளைவாக அவரது தனிமை ஒரே இரவில் பதினொன்றாக உயர்ந்துள்ளது. ஆகவே தனியாக வாழ்பவர்களைச் சென்று பார்ப்பது அவர்களின் தனிமையை அதிகரிக்கிறது என்று தெரியவருகிறது. இப்பழக்கத்தைத் தடுக்க விழிப்புணர்வு தேவை.” அலுவலகத்தில் அதற்கு அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். ஊருக்குத் துணை மையம் கிடைக்கவில்லை. முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரைதான் உதவியாம். ஐம்பதைத் தாண்டிய ஊருக்குத் துணை கொடுத்துப் பயனில்லை என்று குழு முடிவு செய்தது. மில்தோன் கடிதத்தைப் படித்துவிட்டு, “அளவுக்கு மீறிச் சோகமாயிட்டோம்,” என்றார். நடனமும் எண் விளையாட்டும் தடுப்பூசியும் ரயில் நிலையத்துக்கு மாறின. ஒரு மாதத்தில் அன்செல்மோ, கூட்டம் தாங்கவில்லை, நடைமேடையெல்லாம் குப்பை, ஒரு மனுஷன் தனியாக ஐந்து நிமிடம் உட்கார முடிகிறதா என்று சனிக்கிழமைதோறும் ரொட்டிக்கடையில் வந்து புகார் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும்.

எவாரிஸ்தோ திருந்தினாரா? அந்த இனத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘மேற்படி ஊரில் மாதம் ஒருமுறை மறு அளவீடு அவசியம், அதைக் கீழே கையொப்பமிட்டவர் நேரில் சென்று செய்வார்.’ போகும்போது தாள் கொண்டுபோகிறார். திரும்பும்போது அது பெரும்பாலும் வெற்றாகவே இருப்பதாகக் கேள்வி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் படிவம் எதுவும் அச்சடித்ததில்லை, யாருடைய தனிமைக்கும் மதிப்பெண் போட்டதில்லை, எனக்குத் தெரியாதா? ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் மாடிப்படியில் எதிரே வந்த ஒருவரிடம், “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டீர்களே, அவர் “நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, இன்னும் ஏதாவது கேட்பீர்களோ என்று ஒரு நொடி நின்றாரே, நீங்கள் மனத்துக்குள் ‘பூஜ்யம்’ என்று குறித்துக்கொண்டு இறங்கிப் போனீர்களே, அவர் பெயர் என்ன?